பதின்மூன்று தேர்தல், ஏழு தொகுதி: கருணாநிதி என்ற எம்.எல்.ஏ. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மு. கருணாநிதியை முதல்வராக, வசனகர்த்தாவாக, கட்சித் தலைவராக எழுதிய பக்கங்கள் ஏராளம். இங்கே அவரை ஒரு சட்டமன்ற உறுப்பினராக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எங்கே நின்றார், எவ்வளவில் ஜெயித்தார், அவைக்குள் என்ன செய்தார், எப்போது பதவியைத் தூக்கிப் போட்டார் என்று நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் கீழே கோத்திருக்கிறேன்.

உண்மையிலேயே ஒரு தேர்தலில்கூடத் தோற்கவில்லையா?

தோற்கவில்லை. 1957-இல் குளித்தலை, 1962-இல் தஞ்சாவூர், 1967, 1971 இரண்டிலும் சைதாப்பேட்டை, 1977, 1980 இரண்டிலும் அண்ணா நகர், 1989, 1991 இரண்டிலும் துறைமுகம், 1996, 2001, 2006 மூன்றிலும் சேப்பாக்கம், 2011, 2016 இரண்டிலும் திருவாரூர். பதின்மூன்று முறை நின்றார், பதின்மூன்று முறையும் வென்றார். நடுவில் 1984 பொதுத்தேர்தலில் மட்டும் நிற்கவில்லை.

ஆனால் ‘தோல்வியே காணாதவர்’ என்று சுவரொட்டியில் போட்டு நிறுத்திவிட்டால் பாதிக் கதை போய்விடும். பதின்மூன்றில் மூன்று வெற்றிகள் இரண்டாயிரம் ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. ஏழு தொகுதி மாறியிருக்கிறார். எந்த ஊரில் நிற்க வேண்டும், எப்போது அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பதை அவர் அளவுக்குக் கணித்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் அவருடைய பெரிய தேர்தல் திறமை அதுதான். பேச்சு அதற்கு அடுத்துதான் வரும்.

திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் வளர்ந்தவர், முதலில் ஏன் குளித்தலையில் நின்றார்?

குளித்தலை அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரித் திமுக நடத்திய போராட்டத்தில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்துக் கைதானவர் கருணாநிதி. திருச்சிச் சிறையில் இருந்தார். அதனால் அந்த மாவட்டத்தில் அவர் பெயர் ஏற்கெனவே பரவியிருந்தது. திரைப்பட வசனத்தால் கிடைத்த புகழும் கூட இருந்தது.

1957 திமுக சந்தித்த முதல் பொதுத்தேர்தல். கட்சிக்கு அங்கீகாரமே கிடையாது. எல்லோரும் தேர்தல் ஆணையத்தின் கணக்கில் சுயேச்சைகள். உதயசூரியன் சின்னமும் அங்கீகாரமும் முறையாக வந்தது 1958-இல்தான். அந்த நிலையிலும் அண்ணா உட்பட 15 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். கருணாநிதிக்கு வயது 33 நிரம்பவில்லை.

அவையில் முதன்முதலில் எதைப் பற்றிப் பேசினார்?

நங்கவரம் பற்றி. குளித்தலைத் தொகுதியில் காவிரிக் கரையில் இருக்கும் ஊர் அது. பெரிய பண்ணை நிலங்களும் அவற்றை உழுத குத்தகை விவசாயிகளும் கூலிகளும் இருந்த பகுதி. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு, நிலத்தை விட்டு விரட்டலாமா என்பதில் நீண்ட தகராறு நடந்துகொண்டிருந்தது. புது உறுப்பினர் எழுந்து தன் தொகுதி விவசாயிகளின் பிரச்சினையை வைத்தார். திராவிட நாடு, இந்தி எதிர்ப்பு என்று பெரிய விஷயங்களோடு வந்த கட்சியின் ஆள் பண்ணைக் கூலியில் ஆரம்பித்தது கவனிக்க வேண்டியது.

இந்த நூல் பின்னாலும் அறுந்து போகவில்லை. அவர் முதல்வரானபின் 1970-இல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) 15 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த வருடம் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருந்த கூலிக்காரர், அந்த மனைக்கே சொந்தக்காரர் ஆனார். தஞ்சை மாவட்டத்தில் இதன் அருமை தெரியும். எந்த நேரமும் ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்று சொல்லக்கூடிய ஆளிடம் கூலி உயர்வு கேட்க யாருக்கு வாய் வரும்? உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. நிலத்தை உறவினர் பெயரில் பிரித்து எழுதித் தப்பித்தவர்கள் நிறையப் பேர். குடிமனைச் சட்டம் அப்படி இல்லை, அது நேராகப் போய்ச் சேர்ந்தது.

1962-இல் குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்குப் போனது எதற்காக?

அந்தத் தேர்தலில் 1957-இல் ஜெயித்த பதினைந்து பேரையும் ஒருவர் விடாமல் தோற்கடிப்பது என்று காமராஜர் தலைமையில் காங்கிரஸ் தொகுதி தொகுதியாக வேலை செய்தது. பலித்தும்விட்டது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பதினைந்து பேரில் மறுபடி அவைக்குள் வந்தவர் கருணாநிதி மட்டும்தான்.

அவர் வந்தது புதுத் தொகுதியிலிருந்து. தஞ்சாவூரில் எதிராளி பரிசுத்த நாடார். 1957-இல் அங்கே ஜெயித்த காங்கிரஸ்காரர், ஊரில் செல்வாக்கு மிக்கவர். கருணாநிதி 1,928 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அடுத்தது இன்னும் சுவாரசியம். 1967-இல் தமிழ்நாடே திமுக பக்கம் சாய்ந்தபோது தஞ்சாவூர் மறுபடி பரிசுத்த நாடாரிடம் போனது. கருணாநிதி அந்த முறை சைதாப்பேட்டைக்கு வந்திருந்தார். தஞ்சையிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அலை அடித்த வருடத்திலும் காங்கிரஸ் வென்ற இடம் அது.

இந்தத் தேர்தலில் திமுகவுக்கு மொத்தம் 50 இடம். நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், கருணாநிதி துணைத் தலைவர். அண்ணா மாநிலங்களவைக்குப் போய்விட்டார்.

அமைச்சர் ஆனது எப்போது? முதல்வர் ஆனது எப்படி?

1967-இல் சைதாப்பேட்டையில் ஜெயித்து அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அமைச்சரானார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அண்ணா காலமானார். நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வராக இருந்தார், கட்சியில் மூத்தவரும் அவரே. ஆனால் சட்டமன்றக் கட்சிக்குள் எண்ணிக்கை கருணாநிதியிடம் இருந்தது, எம்.ஜி.ஆரின் ஆதரவும் இருந்தது. பிப்ரவரி 10-ஆம் தேதி முதல்வரானார். ஒரு கட்சித் தலைமையைச் சட்டமன்ற உறுப்பினர்களின் கூட்டம் தீர்மானித்த நிகழ்வு இது. 1957 முதல் அவையிலேயே இருந்து ஒவ்வொரு உறுப்பினரையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது.

1971-இல் மறுபடி சைதாப்பேட்டை, கட்சிக்கு 184 இடம். அந்த எண்ணிக்கையைத் தமிழ்நாட்டில் வேறு எந்தக் கட்சியும் தனியாகத் தொட்டதில்லை.

ஒரே அவையில் இரண்டு சபாநாயகர் உட்கார்ந்த கதை நிஜமா?

நிஜம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். சபாநாயகராக இருந்த கே.ஏ. மதியழகன், கட்சியைத் தொடங்கிய ஐவரில் ஒருவர், எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தார். அவையை ஒத்திவைத்தார். டிசம்பர் 2-ஆம் தேதி அவை கூடியபோது அவரை நீக்கும் தீர்மானம் தயாராக இருந்தது. மதியழகன் நாற்காலியை விட்டு எழவில்லை. உடனே பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுத் துணை சபாநாயகர் பெ. சீனிவாசன் உட்கார்ந்து அவையை நடத்தினார். 1967-இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தாரே, அதே சீனிவாசன்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உத்தரவு போட, கூச்சலும் செருப்பு வீச்சுமாக அந்தக் கூட்டம் முடிந்தது. மதியழகன் நீக்கப்பட்டார்.

பெரும்பான்மை கையில் இருந்தால் அவை விதிகளை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்பதற்கு அன்றைக்கு ஒரு முன்னுதாரணம் பதிவானது. அதற்கான பலனைத் திமுகவும் பின்னால் அனுபவித்தது. 1986-இல் அரசியல் சட்டப் பிரிவை எரித்ததற்காக அன்பழகன் உள்ளிட்ட பத்து திமுக உறுப்பினர்களின் பதவியைச் சபாநாயகர் பி.எச். பாண்டியன் பறித்தார்.

அவர் கொண்டுவந்தவற்றில் நிலைத்து நின்றவை எவை?

நிலம், குடிமனை பற்றி மேலே சொல்லிவிட்டேன். இன்னும் மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970-ஆம் வருட அறநிலையத் துறைத் திருத்தம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1972-இல் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு வந்தது. பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் நியமனம் ஆகம விதிப்படி, அதாவது கோயில் வழிபாட்டு மரபு நூல்கள் சொல்கிறபடி, இருக்க வேண்டும் என்றது. கையில் கொடுத்ததைப் பாதி பிடுங்கிக்கொண்டது போலத்தான். 2006-இல் மறுபடி முயன்று அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கினார். பயிற்சி முடித்தவர்கள் வருடக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்தார்கள். பலர் நியமனம் பெற்றது 2021-இல், அவர் மறைந்து மூன்று வருடம் கழித்து.

இரண்டு, 1974 ஏப்ரலில் பேரவை நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானம். 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழுவின் அறிக்கைதான் அதற்கு அடிப்படை. டெல்லி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் மத்திய, மாநில உறவு பற்றி எந்த மாநிலத்தில் பேச்சு எழுந்தாலும் இன்றைக்கும் அந்தக் குழுவின் பெயர் வருகிறது.

மூன்று, பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆனது. 1989 மார்ச் 25-ஆம் தேதிக்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகன்களுக்குச் சமமான பங்கு என்பது சட்டம். மத்திய அரசு இதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது 2005-இல். இந்தத் தேதியை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

699 ஓட்டுக் கதை என்ன?

1976 ஜனவரி 31-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஆட்சி கலைக்கப்பட்டது. அவையின் ஐந்தாண்டுக் காலம் முடிய சில வாரமே இருந்தது. ஊழல் புகார்களை விசாரிக்கச் சர்க்காரியா ஆணையம் வந்தது. அடுத்து 1977-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி. கருணாநிதி சைதாப்பேட்டையை விட்டு அண்ணா நகரில் நின்று 16,438 ஓட்டில் ஜெயித்தார், கட்சிக்கு 48 இடம்.

1980-இல் அதே அண்ணா நகரில் எதிரே டாக்டர் எச்.வி. ஹண்டே. சில மாதம் முன்பு நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக, இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டை அள்ளியிருந்தது. சட்டமன்றத்திலும் அப்படியே நடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மக்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். திமுகவுக்கு 37 இடம். அண்ணா நகரில் வித்தியாசம் 699 ஓட்டு.

ஹண்டே விடவில்லை, தேர்தல் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மனுவோடு இணைத்திருந்த அலங்காரப் பதாகையின் புகைப்படத்தைப் பிரதிவாதிக்குக் கொடுத்த நகலில் சேர்க்காதது பெரிய குறை என்று மனு தள்ளுபடியானது. ஒரு புகைப்படப் பிரதி! தேர்தல் வழக்குச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தத் தீர்ப்பை இன்றைக்கும் படிக்கிறார்கள். ஹண்டே எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகிவிட்டார், அது தனிக் கதை.

எதிர்க்கட்சித் தலைவராக எப்படி இருந்தார்?

1977 முதல் 1983 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவையில் அவர் இருந்ததிலேயே சிறந்த காலம் இதுதான் என்பது என் எண்ணம். முதல்வராக இருக்கும்போது யாருக்கும் அவையில் பேச இடம் கிடைக்கும். எண்ணிக்கை இல்லாமல் உட்கார்ந்து கேள்வியால் ஆட்சியை நெளிய வைப்பது வேறு வேலை.

ஒரு உதாரணம் போதும். திருச்செந்தூர் முருகன் கோயிலில் உண்டியல் சரிபார்ப்பு வேலையில் இருந்த அறநிலையத் துறை அதிகாரி ஒருவர் மர்மமாக இறந்தார். விசாரித்த நீதிபதி பால் ஆணையத்தின் அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருந்தது. கருணாநிதி அதை வெளியிட்டுவிட்டார். அரசு வழக்குப் போட்டது. 1982 பிப்ரவரியில் மதுரையிலிருந்து திருச்செந்தூர் வரை நடந்தே போனார். அவைக்குள் அடைத்த கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுபோவது எப்படி என்பதை அந்த நடைபயணத்தில் பார்க்கலாம்.

1983-இல் ஏன் ராஜினாமா செய்தார்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த படுகொலைக்குப் பிறகு, மத்திய, மாநில அரசுகள் போதுமானது செய்யவில்லை என்று ஆகஸ்ட் 10-ஆம் தேதி அவரும் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள். 699 ஓட்டில் வந்த பதவி அது. அதைத் தூக்கிப் போடுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் எதிர்க்கட்சித் தலைவர் இல்லாத அவை எம்.ஜி.ஆருக்கு இன்னும் வசதியாகப் போனது என்று சொல்பவர்களையும் மறுக்க முடியாது.

அப்புறம் 1984-இல் ஏன் நிற்கவில்லை?

அந்த வருடம் அவர் சட்டமேலவை உறுப்பினர் ஆகியிருந்தார். அந்தத் தேர்தலில் இந்திரா காந்தி படுகொலையின் அனுதாபமும், அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆர். மீதான அனுதாபமும் சேர்ந்து வீசின. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்ற கணக்குக் குறைபடாமல் நிற்பதற்கு இந்த ஓய்வும் ஒரு காரணம் என்று கேலியாகச் சொல்வார்கள். முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

மேலவை ரொம்ப நாள் தாங்கவில்லை. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை எம்.ஜி.ஆர். நியமனம் செய்ய முயன்று, அவர் திவாலானவர் என்ற சட்டச் சிக்கல் எழுந்தது. 1986 மே மாதம் மேலவையையே ஒழிக்க எம்.ஜி.ஆர். தீர்மானம் போட்டார், நவம்பர் 1 முதல் அது இல்லை. கருணாநிதி ஆட்சிக்கு வரும்போதெல்லாம் அதை உயிர்ப்பிக்கப் பார்த்தார். 1989, 1996, கடைசியாக 2010. 2010-இல் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியும், அடுத்த வருடம் வந்த ஜெயலலிதா ஆட்சி வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டது. ஒருவர் கட்டுவார், மற்றவர் இடிப்பார். தமிழ்நாட்டில் இது மேலவைக்கு மட்டும் நடந்ததில்லை.

1989 மார்ச் 25 அன்று அவையில் என்ன நடந்தது?

மேலே நினைவில் வைக்கச் சொன்ன தேதி. பதின்மூன்று வருடம் கழித்து ஆட்சிக்கு வந்திருந்தார், துறைமுகம் தொகுதியிலிருந்து. நிதித் துறையும் அவரிடம். பட்ஜெட் உரையைப் படிக்கத் தொடங்கினார். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா குறுக்கிட்டார், கூச்சல் எழுந்தது, அடிதடியானது. கருணாநிதியின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. தன் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், தாக்கினார்கள் என்று கலைந்த தலையோடு வெளியே வந்த ஜெயலலிதா குற்றம் சாட்டினார். திமுக தரப்பு அதை மறுத்தது. அன்று அவையில் இருந்தவர்களே இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். முதல்வராகத்தான் திரும்புவேன் என்று சபதம் போட்டுப் போன ஜெயலலிதா 1991-இல் அப்படியே வந்தார்.

பெண்களுக்குச் சொத்துரிமை அமலான தேதியும், அவையின் ஒரே பெண் எதிர்க்கட்சித் தலைவர் அப்படி வெளியேறிய தேதியும் ஒன்றுதான். இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

1991-இல் ஜெயித்தும் ஏன் பதவியை விட்டார்?

ஜனவரி 30-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. தேர்தல் நேரத்தில், மே 21-ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்தக் கோபம் முழுக்கத் திமுக மேல் திரும்பியது. கட்சியில் ஜெயித்தவர்கள் இரண்டே பேர். துறைமுகத்தில் கருணாநிதி 890 ஓட்டில் காங்கிரசின் கே. சுப்புவைத் தாண்டினார், எழும்பூரில் பரிதி இளம்வழுதி. கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று கருணாநிதி பதவியை விட்டுவிட்டார். பெரும்பான்மைக்கு நடுவே தனியாக நின்று சத்தம் போட்ட பரிதியை அவர் ‘அபிமன்யு’ என்று அழைத்தார். பாராட்டுதான், ஆனால் அபிமன்யுவைச் சக்கர வியூகத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றவர்கள் யார் என்ற கேள்வியும் அந்தப் பட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

சேப்பாக்கத்தில் எதிர்த்து நின்றவர்கள் யார்?

1996-இல் காங்கிரஸ் சார்பில் நெல்லை கண்ணன், தமிழ் மேடைகளில் கேட்கக் காசு கொடுத்துப் போகலாம் என்ற அளவுக்குப் பேச்சாளர். பேச்சாளரை எதிர்த்துப் பேச்சாளர் நின்ற தேர்தல். 35,784 ஓட்டில் கருணாநிதி. 2001-இல் அது 4,834 ஆகச் சுருங்கியது. 2006-இல் சுயேச்சை ஒருவரை எதிர்த்து 8,526. சேப்பாக்கம் சின்னத் தொகுதி, நெரிசலான தெருக்கள், முஸ்லிம் வாக்காளர்கள் கணிசம். பிறகு வந்த தொகுதி மறுசீரமைப்பில் திருவல்லிக்கேணியோடு இணைந்துவிட்டது.

2006-இல் ‘மைனாரிட்டி அரசு’ என்றார்களே?

திமுகவுக்கு 96 இடம். 234-இல் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தார்கள். ஜெயலலிதா ஒவ்வொரு அறிக்கையிலும் ‘மைனாரிட்டி திமுக அரசு’ என்று விடாமல் எழுதினார். ஆட்சி ஐந்து வருடமும் ஓடியது. கூட்டணிக்காரர்களைத் தட்டிக்கொடுத்து, வேண்டியதைக் கொடுத்து, வேண்டாததை இழுத்தடித்து ஓட்டுவதில் அவருக்கு இணை யாரும் இல்லை.

இந்தக் காலத்தில்தான் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கட்டினார். 2010 மார்ச் 13-இல் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அவசரத்தில் மேலே சினிமா செட் போலக் குவிமாடம் போட்டுத் திறந்தார்கள். அடுத்த ஆட்சியில் அவை கோட்டைக்கே திரும்பியது. கட்டடம் இப்போது பல்நோக்கு மருத்துவமனை.

2011-இல்தான் திருவாரூருக்குப் போனார். சொந்த ஊரை ஏன் அவ்வளவு நாள் விட்டார்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பதில் எளிது: திருவாரூர் பல தேர்தலாகத் தனித் தொகுதியாக இருந்தது, பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்க முடியும். மறுசீரமைப்புக்குப் பிறகு 2011-இல்தான் பொதுத் தொகுதியானது. அதே நேரம் சேப்பாக்கமும் இல்லாமல் போனது. 86 வயதில் பள்ளிக்கூடம் படித்த ஊருக்கு ஓட்டுக் கேட்டுப் போனார். வித்தியாசம் 50,249. 2016-இல், 91 வயதில், 68,366. அவர் வாங்கிய வித்தியாசங்களில் பெரியது அதுதான், அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகமும்கூட. (திருக்குவளை இருப்பது நாகப்பட்டினம் மாவட்டத்தில். திருவாரூர்த் தொகுதியில் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.)

கடைசிக் காலத்தில் அவைக்குப் போனாரா?

பெரும்பாலும் இல்லை. 2001-06-இல் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அன்பழகனிடம் கொடுத்துவிட்டு வெளியே இருந்தார். 2011-இல் கட்சிக்கு 23 இடம்தான். 29 இடம் வைத்திருந்த விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கருணாநிதி வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். சக்கர நாற்காலியோடு உட்கார்ந்து பேச ஏற்ற இடம் அவையில் ஒதுக்கவில்லை என்பது அவர் தரப்பு. அது நியாயமான குறைதான். உறுப்பினர் ஒருவர் அனுமதியில்லாமல் அறுபது நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 190-ஆவது பிரிவு. அதனால்தான் அந்தப் பதிவேட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

ஆனால் ஜெயலலிதா ஆண்டபோது கருணாநிதி போகவில்லை, கருணாநிதி ஆண்டபோது ஜெயலலிதா அபூர்வமாகத்தான் போனார். இரண்டு பேரும் அவையில் நேருக்கு நேர் வாதாடுவதைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. 1977-83-இல் அத்தனை கேள்வி கேட்ட மனிதர் இதற்கு இடம் கொடுத்திருக்கக் கூடாது.

வேறு மாநிலங்களில் இப்படி யாராவது உண்டா?

உண்டு. கேரளத்தில் கே.எம். மாணி பாலா தொகுதியை விட்டு நகராமல் பதின்மூன்று முறை வென்றார். உம்மன் சாண்டி புதுப்பள்ளியில் பன்னிரண்டு முறை. மகாராஷ்டிரத்தில் கண்பத்ராவ் தேஷ்முக் சாங்கோலாவில் பதினொரு முறை. இவர்கள் எல்லாம் ஒரே மண்ணில் வேர் விட்டவர்கள். கருணாநிதியின் பதின்மூன்றில் ஒன்பது சென்னையில் நான்கு தொகுதிகளில் கிடைத்தவை. தொகுதிக்காரர் என்று எந்த ஊரும் அவரை முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாது.

எம்.பி. ஆக இருந்திருக்கிறாரா?

இல்லை. மக்களவை, மாநிலங்களவை எதிலும் இருந்ததில்லை.

அவர் மறைந்தபின் அந்த இடம் என்ன ஆனது?

2018 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இறக்கும்போது திருவாரூர் எம்.எல்.ஏ. அவர்தான். 2019 ஜனவரியில் இடைத்தேர்தல் அறிவித்து, கஜா புயல் நிவாரண வேலைகளைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஏப்ரல் 18-இல் மக்களவைத் தேர்தலோடு நடந்தது. திமுகவின் பூண்டி கலைவாணன் வென்றார். 2021 ஆகஸ்ட் 2-இல் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் பேரவையில் கருணாநிதியின் படத்தைத் திறந்துவைத்தார்.

அவர் அவையில் பேசியதை எங்கே படிக்கலாம்?

பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. பெரிய நூலகங்களில் கிடைக்கும். மொத்தமாகப் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். 1957-இல் நங்கவரம் பேச்சு, 1972 டிசம்பர் 2, 1974 ஏப்ரலில் சுயாட்சித் தீர்மான விவாதம், அப்புறம் 1977-83 கேள்வி நேரங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி நேரத்தில் அமைச்சர்களின் பதிலையும் விடாமல் படியுங்கள். அவர் அடுத்த துணைக்கேள்வியை எங்கிருந்து எடுத்தார் என்பது அங்கேதான் தெரியும்.